ஒரு பொட்டு வலி தெரியாது

கொசு தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டான். தேநீரில் ஏதோ சிவப்பாகச் சுழன்று கரைவதைப் பார்த்த பிறகுதான் கடித்த சங்கதியே அவனுக்குத் தெரிந்தது. வலி வரவேண்டுமே என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். வரவில்லை.

பழியைப் போட வேறு ஆளும் இல்லை. மரத்துப்போவதற்கான களிம்பை வெறுங்கையால் அள்ளித் தடவியவன் அவன்தான். "ரத்தத்துக்குத்தான் கையுறை, களிம்புக்கு எதுக்கு?" என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டவனும் அவன்தான். தடவி முடித்ததும் கையை ஒப்புக்குத் துணியில் துடைத்துவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த அச்சுத் தாள்களைப் பிரிக்கக் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எடுத்தான். பதினெட்டு வருடத் தொழில் பழக்கம். அப்புறம் பிஸ்கட்டை நனைத்து வாயில் போட்டபோது, உள்ளே எது பிஸ்கட், எது நாக்கு என்று பல்லுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"என்ன மச்சான், சத்தமே காணோம்?" என்று கட்டிலிலிருந்து மாப்பிள்ளை கேட்டார்.

"நாக்கைத் தின்னுட்டேன் மாப்ளே. உப்பு கம்மி."

குப்புறப் படுத்திருந்த மாப்பிள்ளையின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று அர்த்தம்.

கொசு என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை, தெரு வைத்தது. உடம்பில் பச்சை குத்துகிறவன். கையில் இருக்கும் இயந்திரம் காலையிலிருந்து மாலைவரை ரீங்காரமிடும். அது நின்றால் அவன் வாய் ஆரம்பித்துவிடும். குத்துவது, காதருகே கத்துவது, விரட்டினாலும் போகாமல் இருப்பது என்று எல்லாப் பொருத்தமும் பார்த்துத்தான் வைத்தார்கள். அவனுக்கும் அதில் வருத்தமில்லை. கடைப் பலகையிலேயே ஒரு கொசுவை வரைந்து மாட்டியிருந்தான்.

கடை என்றால் மாடியில் ஓர் அறை. கீழே மருந்துக்கடை. சுவரோடு ஒரு பெரிய கண்ணாடி, வெள்ளைச் சாயம் பூசிய ஜன்னல், உயர்த்தித் தாழ்த்தும் கட்டில், மை வைக்கும் மேசை ஒன்று. மேசைக்கு ஒரு கால் குட்டை. எதையாவது மடித்து வைத்தால்தான் ஆடாமல் நிற்கும்.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வலிக்குமா? அதற்குக் கொசு ஒரு நாளும் நேரான பதில் சொன்னதில்லை. "எறும்பு கடிச்ச மாதிரி. ஆனா அந்த எறும்பு கொஞ்சம் படிச்ச எறும்பு" என்பான். சிரித்துக்கொண்டே படுத்துவிடுவார்கள். சிரிக்கிற உடம்பு இறுகாது, இறுகாத உடம்பில் கோடு கோணாது. அதுதான் அவன் தொழில் ரகசியம்.

ஆனால் மாப்பிள்ளை விஷயத்தில் சிரிப்பு மட்டும் போதாது. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆறடி. பன்னிரண்டாவது மாடியில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கிணறு மாதிரி இருட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். ஊசியைப் பார்த்தால் மட்டும் உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர் பச்சை குத்திக்கொள்ள வந்ததற்கு அவருடைய மகள்தான் காரணம். ஏழு வயது. அப்பா வேலை முடிந்து வந்து படுத்ததும் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து விரலால் ஏதாவது வரைவாள். என்ன வரைந்தாள் என்று அவர் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். எதை வரைந்தாலும் அவர் குதிரை என்பார். பாதி நாள் அது குதிரையாகவே இருக்கும். அவள் தாளில் வரைந்த ஐந்து கால் குதிரை ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "இதை அப்படியே முதுகு பூரா போடணும் மச்சான். அஞ்சாவது காலையும் விட்டுடாதீங்க" என்றார்.

அவர் மனைவி, கொசுவின் தங்கச்சிதான் கொண்டுவந்து விட்டாள். படியிறங்கும்போது திரும்பி, "அண்ணா, அவருக்கு வலிச்சாலும் வாயைத் திறக்கமாட்டாரு. நீதான் பாத்துக்கணும்" என்றாள்.

"ஒரு பொட்டு வலி தெரியாது. என் பொறுப்பு" என்றான் கொசு.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இத்தனையும் செய்தான். மாப்பிள்ளையின் முதுகில் தரைவிரிப்புபோல முடி. சவரக்கத்தியால் வழித்ததில் அங்கங்கே கீறலும் சிவப்புமாகிவிட்டது. கீழே மருந்துக்கடையில் ஒரு ட்யூப் கேட்டவன், தங்கச்சி முகம் நினைவுக்கு வந்ததும் நாலு ட்யூப் வாங்கினான். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விவரத் தாளை எடுத்தான். எறும்பு எறும்பாக எழுத்து. இது எதற்கு என்று நாலாக மடித்துக் குட்டைக்கால் மேசைக்கு முட்டுக் கொடுத்தான். மேசை ஆடாமல் நின்றது. அவ்வளவு கச்சிதமான தடிமன்.

நாலு ட்யூப்பையும் கேக்குக்குக் கிரீம் தடவுவதுபோலத் தோளிலிருந்து இடுப்புவரை அப்பினான். மேலே சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினான். மாப்பிள்ளை குளிர்கிறது என்றதும் ஹீட்டரை முதுகுக்கு நேராகத் திருப்பி வைத்தான். அரைமணி போதுமாக இருக்கலாம். ஆனால் பொறுப்பு என்று சொல்லியாகிவிட்டதே. இரண்டரை மணிநேரம் விட்டான்.

அந்த இரண்டரை மணிநேரமும் கொசு பேசிக்கொண்டே இருந்தான்.

"மச்சான், வாயில ஒரு மாதிரி இருக்கு. இரும்புச் சாவியைச் சப்புற மாதிரி."

"தங்கச்சி சமையலை ஆறு மணிநேரமா சாப்பிடல இல்ல, நாக்கு பழசைத் தேடுது."

மாப்பிள்ளை சிரித்தார்.

சற்றுக் கழித்து, "மச்சான், காதுல ஏதோ ரீங்குது. நிக்காம."

"அது நான்தான் மாப்ளே. பேரே அதானே."

அதற்கும் சிரித்தார். முதுகு முன்பைவிடக் கொஞ்சமாகக் குலுங்கியது.

இரண்டு மணிக்குப் பிளாஸ்டிக்கைப் பிரித்துக் களிம்பை வழித்தெடுத்தான். நாக்கைக் கடித்த சம்பவம் அதற்கு ஐந்து நிமிடம் முன்பு. அச்சுத் தாளை முதுகில் ஒட்டி, அழுத்தி, உரித்தான். ஊதா மையில் ஐந்து கால் குதிரை இறங்கியிருந்தது. மரத்துவிட்டதா என்று பார்க்க, ஓர் ஓரத்தில் விரலால் பூ ஒன்று வரைந்தான்.

"என்ன வரைஞ்சேன், சொல்லுங்க."

"வரைஞ்சீங்களா?"

"பலே. இனி உங்க முதுகைக் கழட்டி வித்தாலும் உங்களுக்குத் தெரியாது."

கொசு வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்தான். கட்டிலுக்கும் அதற்கும் ஏழெட்டு அடி இருக்கும். மாப்பிள்ளை அங்கிருந்து மெதுவாக, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்:

"மச்சான்... இப்ப எழுதுறீங்க. இப்பத் தெரியுது."

கொசு குழாயை மூடினான். கண்ணாடியில் பார்த்தான். கட்டில், கட்டிலில் மாப்பிள்ளை, அவர் முதுகில் குதிரை. பக்கத்தில் யாரும் இல்லை. ஹீட்டர் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"யாரு எழுதுறா?"

"நீங்கதானே. நிறுத்தாம எழுதுறீங்க. ஒரே எழுத்து... திரும்பத் திரும்ப."

கொசுவின் பிடரி மயிர் எழுந்து நின்றது. ஆனால் பழக்கம் விடுமா? "வீட்டுப்பாடமா இருக்கும் மாப்ளே, மகளுக்குப் பதிலா நீங்க எழுதிக் கொடுங்க" என்றான். இந்த முறை முதுகு குலுங்கவில்லை.

அருகில் போய்க் குனிந்து பார்த்தபோதுதான் அவர் உதட்டில் நீலம் இருப்பதைக் கண்டான். அட, அச்சு மை. ஒட்டிய கையோடு எங்கேயோ தொட்டிருப்போம் என்று பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தான். பஞ்சைப் பார்த்தான். வெள்ளை. இன்னொரு பஞ்சில் சோப்புத் தண்ணீர். அதுவும் வெள்ளை. அழுத்தித் தேய்த்தான். உதடு அசைந்துகொடுத்தது, நீலம் அசையவில்லை. இது மேலே பட்ட மை இல்லை, உள்ளேயிருந்து எழுந்த நிறம் என்று பதினெட்டு வருடம் தோலோடு பழகிய அவன் விரலுக்குப் புரிந்தது. அவனுக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கட்டிலிலிருந்து தொங்கிய கையைத் தூக்கிப் பார்த்தான். ஐந்து நகமும் ஈயம். மற்றக் கை. அதுவும் ஈயம்.

"மாப்ளே, உங்களுக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல மச்சான். கொஞ்சம்... மூச்சு. ஒண்ணுமில்ல. நீங்க போடுங்க."

முதுகில், வழித்த கீறல் ஒன்றிலிருந்து ரத்தம் துளிர்த்திருந்தது. சிவப்பாக இல்லை. ஆறிப்போன காபி டிகாஷன் நிறம். கொசு தன் தேநீர்க் கோப்பையைத் திரும்பிப் பார்த்தான். அதில் இருந்தது நல்ல சிவப்பு. ஒரே அறையில் இரண்டு பேரின் ரத்தம், இரண்டு நிறத்தில்.

அவசர எண்ணுக்குப் போன் போட்டான். கடிபட்ட நாக்கு அதற்குள் வீங்கிப்போய்ச் சொன்னபடி கேட்கவில்லை. வெந்த மீன் துண்டு மாதிரி வாய்க்குள் புரண்டது.

"மாப்பிழ்ழை நீழமா ஆயிட்டாரு."

"என்ன சார்?" என்றது ஒரு பெண் குரல்.

"நீழம்! உதடு, நகம், எழ்ழாம் நீழம்!"

"சார், குடிச்சிருக்கீங்களா?"

"இழ்ழ. நாக்கு மழத்துப்போச்சு."

"இது விளையாட்டுக்கு இல்ல சார். உண்மையா ஆபத்துல இருக்கறவங்க கூப்பிடற எண்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஜோக் எதுவும் கலக்காமல் பேசியிருந்தான். அதைத்தான் நம்ப ஆளில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளித் தள்ளி முகவரியைச் சொன்னான். அந்த அழுகையைக் கேட்டுத்தானோ என்னவோ, அவள் வண்டியை அனுப்புவதாகச் சொன்னாள். "என்ன மருந்து போட்டீங்க? தாள் இருந்தா கையில எடுத்துக்குங்க" என்றாள்.

மேசையைத் தூக்கித் தாளை உருவினான். மைப் புட்டிகள் சரிந்து உருண்டன. மடிப்பைப் பிரித்தான். 'சாத்தியமான பக்கவிளைவுகள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே வரிசை.

வாயைச் சுற்றி மரத்துப்போதல். வாயில் உலோகச் சுவை. காதில் ரீங்காரம். குழப்பம், இல்லாததை இருப்பதாக உணர்தல். உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமாதல். மூச்சுத் திணறல்.

காலையிலிருந்து இந்த அறை மூலையில் யாரோ உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு நேர்ந்ததையெல்லாம் நேர்ந்த வரிசையிலேயே குறித்துவைத்தது போலிருந்தது. அவன்தான் அந்த ஆளின் தலைமேல் மேசையை நிறுத்தி வைத்திருந்தான். மூச்சுத் திணறலுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மேசைக்கால் அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. கடைசி வரி இருக்கவேண்டிய இடத்தில் கொசுவின் கட்டைவிரல் தெரிந்தது.

வண்டி வந்தது. ஆறடியைக் குறுகலான படியில் இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். வண்டிக்குள் விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். எண்பத்து நாலு என்று காட்டியது. முகமூடி போட்டு ஆக்சிஜனைத் திறந்தார்கள். எண்பத்து நாலு. இன்னும் திறந்தார்கள். எண்பத்து நாலு. நின்றுபோன கடிகாரம் மாதிரி அந்த எண் அசையவே இல்லை.

"இந்த ஓட்டையில என்ன எழுதியிருக்கும்?" என்று தாளை நீட்டிக் கேட்டான் கொசு.

உதவியாளர் பார்த்துவிட்டு, "நீங்க பெல்ட்டைப் போட்டுக்குங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். தங்கச்சி அதற்குள் வந்துவிட்டிருந்தாள். வேலை செய்யும் சலவை நிலையத்திலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள். கையில் இன்னும் யாருடைய சட்டையோ இருந்தது.

"எவ்வளவு களிம்பு போட்டீங்க?"

கொசு தங்கச்சியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"கொஞ்சமாத்தான்" என்றான். "பிரெட்டுக்கு வெண்ணெய் தடவுற மாதிரி."

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு இதயத்தைப் பார்க்கச் சொன்னார், நுரையீரலைப் படம் எடுக்கச் சொன்னார். ஆட்கள் ஓடினார்கள். திரைக்கு அப்பால் மாப்பிள்ளை யாரிடமோ, "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "அஞ்சாவது காலு" என்றார். பிறகு சத்தமில்லை.

கொசு கையிலிருந்த தாளைப் பார்த்தான். அந்த ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. தரையில் தங்கச்சியின் கால் தெரிந்தது. ஒரு காலில் செருப்பில்லை.

"டாக்டர்!" என்று கத்தினான். நாக்கு இப்போது ஓரளவு கேட்டது. "கொஞ்சம் இல்ல. பொய். நாலு ட்யூப். முழுசா. அப்பத்தான் முதுகை வழிச்சிருந்தேன், கீறல் மேலேயே போட்டேன். பிளாஸ்டிக் சுத்தினேன். ஹீட்டர் வெச்சேன். ரெண்டரை மணிநேரம்."

எல்லாரும் நின்றார்கள். டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மாப்பிள்ளையின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, அது சிவக்கிறதா என்று காத்திருந்தார். டிகாஷனாகவே காய்ந்தது.

"ரத்தம் இருக்கு, காத்தும் இருக்கு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னுபோச்சு" என்றார். "அந்தக் களிம்பு இவ்வளவு உள்ள போனா அப்படி ஆகும்."

பிறகு அவர் கையில் எடுத்த ஊசியைக் கண்டு கொசுவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அதற்குள் இருந்தது நீலம். அசல் மை நீலம். தன் மேசையிலிருந்து உருண்ட புட்டி ஒன்று தனக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்துவிட்டதா என்று நினைத்தான். நீலமாகிப்போன ஆளுக்கு நீலத்தையே ஏற்றுகிறார்கள். டாக்டரம்மா ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, துளித்துளியாக, அவசரமே இல்லாமல் ஏற்றினார். கோடு போடத் தெரிந்தவர் கை என்று கொசுவின் புத்தி அந்த நேரத்திலும் குறித்துக்கொண்டது.

எண்பத்து நாலு இறங்கியது. எண்பது. எழுபத்தாறு. தங்கச்சியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"பயப்படாதீங்க. மருந்தோட நீலம் அந்தக் கவ்வியை ஏமாத்துது, சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா.

காத்திருந்தார்கள். எழுபத்தாறு மெதுவாக ஏறி எண்பத்தைந்தைத் தாண்டியது. தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று. உதட்டின் ஓரத்தில், தூங்கி எழுகிற குழந்தையின் கன்னம்போல ஓர் இளஞ்சிவப்பு வந்தது. கொசு தாளை டாக்டரம்மாவிடம் நீட்டினான்.

"இந்த ஓட்டையில என்ன வரி இருந்திருக்கும்?"

"இன்னும் அரைமணி பேசாம இருந்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றுவிட்டு அவர் அடுத்த திரைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவன் தங்கச்சிக்குச் செருப்பு வாங்கிவந்து காலடியில் வைத்தான். "அளவு சரியா இருக்கா?" என்றான். போட்டுக்கொண்டாள். "என்மேல கோபமா?" என்று கேட்டதற்கு, "டீ ஆறுது, குடி" என்றாள். தன் கடைக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரரையும் போய்க் கேட்டான்: "நான் நாலு ட்யூப் கேட்டப்ப நீங்க ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" அவர், "நாலு பேருக்குன்னு நினைச்சேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் நேரான பதில் சொல்லாமல் அவனுக்கு எறும்புக்கடிக் கதையே சொன்னார்கள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தார். சிறுநீர் பச்சையாகப் போகிறதாம், நர்ஸ் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அதில் நாலைந்து ஜோக்குகள் வரிசையில் நின்றன. கொசு எல்லாவற்றையும் அப்படியே விழுங்கினான். நாக்கு விண்விண் என்று வலித்தது. நேற்றிரவுதான் அதற்கு உணர்வு திரும்பியிருந்தது.

மாப்பிள்ளையின் சட்டை பின்பக்கம் திறந்திருந்தது. ஊதாக் குதிரை பாதி அழிந்து, இரண்டு காலோடு நின்றது. கொசு கையைக் கழுவிக்கொண்டு வந்தான். சோப்புப் போட்டு, இரண்டு தடவை. பிறகு அந்த முதுகில் ஒற்றை விரலால் மெதுவாக ஒரு பூ வரைந்தான்.

"பூ" என்றார் மாப்பிள்ளை. "கீறல் மேல போறீங்க, வலிக்குது."

கொசு விரலை எடுத்துக்கொண்டான். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். தங்கச்சி ஜன்னல் ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். நேத்து அவ்வளவு நேரம் உள்ளுக்குள்ள என்னென்னமோ ஆகியிருக்கு. ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒண்ணுமில்ல மச்சான், விடுங்க."

"விடமாட்டேன். சொல்லுங்க."

தங்கச்சியின் கை மடிப்பில் நின்றது. மாப்பிள்ளை தன் நகங்களைப் பார்த்தார். பிறகு திரும்பி அவனை நேராகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் சிரிக்கத் தயாராக இல்லாத அந்த முகத்தைக் கொசு பார்த்ததில்லை.

"சொன்னேன் மச்சான்" என்றார். "வாயில இரும்பு ருசின்னு சொன்னேன். காது ரீங்குதுன்னு சொன்னேன். முதுகுல யாரோ எழுதறாங்கன்னும் சொன்னேன். மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீங்க ஜோக் அடிச்சீங்க."